ஓடைக்கரைக் கிணற்றின் மஞ்சள்

கிணற்றுத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி அதில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்று பாத்திமா மேரி வீட்டில் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் வெளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அம்மா சூசையம்மாளுக்கு இது விளங்கவேயில்லை.

"தண்ணிய காய்ச்சினா மஞ்சள் எப்படிடி வரும்? திருச்சி காலேஜ்ல ரசாயனம் படிச்சிட்டு, பள்ளிக்கூட வேலையவும் விட்டுட்டு, இதுக்கா குன்னத்துல போயி உக்காந்திருக்க?"

மஞ்சள் என்பது சர்க்காரின் கனிம ஆய்வு முகாமில் வைத்த பெயர். யுரேனியம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பஞ்சநாதனின் உத்தரவு. அவர்தான் அந்த முகாமுக்கு அதிகாரி. கல்கத்தாவில் படித்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சுபாவம். ஆனால் அந்தப் பெயரே தொல்லையாகிவிட்டது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "சர்க்கார் மஞ்சள் கொள்முதல் பண்றாங்களாமே, என்ன வெலைக்கு எடுக்குறீங்க?" என்று கேட்டார். பஞ்சநாதன் என்ன சொல்வதென்று தெரியாமல் அவருக்கு மோர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. குன்னத்தின் எல்லையில் காலியாகக் கிடந்த ஒரு பருத்திக் கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காரை என்ற ஊர்ப் பக்கத்துப் பொட்டல் காடுகளில் களிமண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடக்கும். உரத்துக்கு ஆகும் பாஸ்பேட் கல் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த உருண்டைக்குள் யுரேனியமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது பஞ்சநாதனின் நம்பிக்கை. கல்லில் இருப்பது மழையில் கரைந்து கிணற்றுக்கு வரும், கிணற்றைப் பிடித்தால் கல் எங்கே கெட்டியாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால் சுற்று வட்டாரக் கிணறுகளின் தண்ணீரெல்லாம் குடம் குடமாகப் பாத்திமா மேரியிடம் வந்து சேர்ந்தது.

பொறுமை வேண்டிய வேலை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீங்கான் கிண்ணத்தில் விட்டுக் கரியடுப்பில் வற்ற வைக்க வேண்டும். அடியில் ஒட்டும் பொருக்கை அமிலத்தில் கரைத்துச் சோடாக் கரைசலை ஊற்றினால், இரும்பும் சுண்ணாம்பும் சேறு போல அடியில் இறங்கிவிடும். யுரேனியம் மட்டும் இறங்காது. சோடாவைப் பற்றிக்கொண்டு தெளிநீரிலேயே நின்றுவிடும். அந்தத் தெளிவை வடித்தெடுத்து, மறுபடியும் அமிலம் விட்டு, பொங்கி அடங்கியதும் உப்பைச் சேர்த்து, ஈதரோடு குலுக்க வேண்டும். ஈதர் எண்ணெய் போல மேலே மிதக்கும். யுரேனியம் தண்ணீரை விட்டுவிட்டு அந்த ஈதருக்குள் ஏறிக்கொள்ளும். ஈதரை வடித்து ஆவியாக விட்டு, மிச்சத்தை ஒரு பிளாட்டினக் கம்பி முனையில் புளோரைடு உப்போடு உருக்கினால் கடுகளவு மணி ஒன்று கிடைக்கும். கறுப்புத் துணிக் கூண்டுக்குள் தலையை நுழைத்து, பேட்டரியில் எரியும் ஊதா விளக்கின் கீழ் அந்த மணியைப் பிடிக்க வேண்டும். யுரேனியம் இருந்தால் மணி எலுமிச்சம் பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டாகக் கிடக்கும்.

குன்னத்து வெயிலுக்கு ஈதர் நிற்காது. மூடியைத் திறந்தால் கண்ணெதிரே காணாமல் போய்விடும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் கிடங்கே போய்விடும். ஆகவே சீசாவை ஈர மணலில் புதைத்து வைத்திருந்து, விடிந்த கையோடு, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன் அந்தப் பகுதியை முடித்துவிடுவாள். அந்தக் குளிர்ந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும். அடியில் திருகு வைத்த புனலுக்குள் இரண்டு நீர்களும் பிரிந்து, நடுவில் கோடு விழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எது எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விடுகிறது என்று அப்போது தோன்றும்.

மாசி, பங்குனி முழுக்க வந்த கிணறுகளெல்லாம் இருட்டு. பஞ்சநாதன் முகத்தில் களை போயிற்று. சித்திரை பிறந்து சில நாட்களில்தான் கொளஞ்சி கொண்டுவந்த தண்ணீர் ஒளிர்ந்தது.

கொளஞ்சி முகாமில் கல் இடிக்கிறவள். காரையில் எடுத்த உருண்டைகளை முதலில் அங்கேயே உடைத்துக்கொண்டிருந்தார்கள். சித்திரையில்தான் அந்த வேலையைக் கிடங்கின் முற்றத்துக்கு மாற்றினார்கள். இரும்பு உரலில் போட்டு மாவாக இடித்துச் சலிக்க வேண்டும். குன்னத்தை அடுத்த ஓடைக்கரைச் சேரியிலிருந்து அவள் வருவாள். வாட்டசாட்டமான உடம்பு, எதையும் பாதியில் நிறுத்திக் கேட்டுவிடுகிற வாய். பாத்திமா மேரி முன்பு வாத்திச்சியாக இருந்தவள் என்று தெரிந்ததிலிருந்து டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாக் கெணத்துத் தண்ணியும் வருது, எங்க கெணத்த மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நாங்க தோண்டுனா அது கெணறு இல்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். மறுநாள் தானே ஒரு குடம் சுமந்து வந்தாள்.

ஓடைக்கரைக் கிணறு அந்தச் சேரி ஜனங்கள் தாங்களே வெட்டியது. ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. ஓரமாக நின்று யாராவது மனமிரங்கி ஊற்றினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் பொறுக்காமல், அறுவடை இல்லாத மாதங்களிலெல்லாம் ஆணும் பெண்ணுமாகப் பாறையை உடைத்துத் தண்ணீர் கண்டார்கள். கொளஞ்சியின் புருஷன் மாயவனுக்கு அந்தப் பாறை வெடிப்பில்தான் ஒரு விரல் போயிற்று.

அந்தக் குடத்துத் தண்ணீரிலிருந்து வந்த மணி ஊதா விளக்கின் கீழ் பச்சையாக எரிந்தது. பாத்திமா மேரி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான். பஞ்சநாதனைக் கூப்பிட்டாள். அவர் கூண்டுக்குள் தலையை நுழைத்து வெகு நேரம் வெளியே வரவேயில்லை. வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"மிஸ் மேரி, இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"இன்னொரு தடவை பண்ணிடலாம் சார்."

இன்னொரு தடவையும் பச்சை. அன்று மாலையே அவர் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய் மேலிடத்துக்குத் தந்தி கொடுத்தார்.

அடுத்த வாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அழகேசன் நான்கு ஆட்களோடு ஓடைக்கரைக்குப் போய்க் கிணற்றின் மேல் பனஞ்சட்டங்களை அடுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார். மேலிடத்திலிருந்து நிபுணர்கள் வந்து பார்க்கிற வரையில் அந்தத் தண்ணீரை யாரும் கலைக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு. அதனால் அழகேசன் ஒன்றும் சொல்லாமல் பூட்டினார். ஒன்றும் சொல்லாததால் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். விஷம் என்றார்கள். மண்ணெண்ணெய் ஊறுகிறது என்றார்கள். ஜப்பானில் போட்ட குண்டுக்கும் இந்தக் கிணற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று அரியலூர் பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டபோது பாத்திமா மேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது மட்டும் முழுப் பொய்யில்லையே.

கிணற்றைப் பூட்டிய மறுநாள் காலையில் கொளஞ்சி உரல் பக்கம் போகாமல் நேரே பாத்திமா மேரியிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, எங்க தண்ணியில என்ன இருக்குது?"

"நான் சொல்லக் கூடாது கொளஞ்சி."

"குடிச்சா சாவோமா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப எதுக்குப் பூட்டுனாங்க? என் சின்னப் புள்ள அந்தத் தண்ணிதான் பொறந்ததுலேர்ந்து குடிக்குது. அதுக்கு எதுவும் ஆவுமா, ஆவாதா? அத மட்டும் சொல்லுங்க."

பாத்திமா மேரி வாயைத் திறந்தாள். ஆகும் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. ஆகாது என்று சொல்லவும் தெரியாது. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைக் குடித்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எழுதியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியல" என்றாள்.

கொளஞ்சி அவளையே பார்த்துவிட்டு, "படிச்சவங்களுக்கே தெரியலன்னா பூட்டுனவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று சொல்லிவிட்டு இடிக்கப் போனாள்.

அன்றைக்கு உலக்கைச் சத்தம் வழக்கத்தைவிட ஓங்கிக் கேட்டது. சேரிப் பெண்கள் மறுபடியும் ஊர்க் கிணற்றோரம் போய் நின்றார்கள். ஊற்றுகிறவர்கள், "உங்க கெணத்துலதான் தங்கம் வெளையுதாமே, இங்க ஏன் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு ஊற்றினார்கள். சிலர் அப்படிக் கேட்டுவிட்டு ஊற்றவுமில்லை. அப்புறம் பெண்கள் வறண்ட ஓடைக்குள் குழி தோண்டி, ஊறுகிற கலங்கலைச் சிரட்டையில் மொண்டு குடத்தை நிரப்ப ஆரம்பித்தார்கள்.

பாத்திமா மேரிக்குத் தான் பார்த்தது சரிதானா என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது. பச்சையைப் பார்த்த பரவசத்தில் இரண்டு பேருமே அதை மறந்துபோனார்கள். ஒன்றுமே இல்லாத தண்ணீரை எடுத்து, இதே கிண்ணம், இதே அமிலம், இதே ஈதர் என்று எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். ஆவியாக்கிக் குளிரவைத்து வாலை வடித்த தண்ணீர் முகாமில் இருந்தது. காய்ச்சினாள், கரைத்தாள், குலுக்கினாள், உருக்கினாள். கூண்டுக்குள் தலையை நுழைத்தாள்.

பச்சை.

அவள் விளக்கை அணைத்தாள். ஒன்றுமில்லாத தண்ணீரில் எப்படி வரும்? அமிலத்தில் இருந்து வந்திருக்கலாம். அரியலூரிலிருந்து புதிதாக வந்த சீசாவை உடைத்து எடுத்துச் செய்தாள். அதுவும் பச்சை. கம்பியில் ஒட்டியிருக்கலாம் என்று கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி வெறும் உப்பை மட்டும் உருக்கினாள், அது இருட்டு. அப்படியானால் கம்பி சுத்தம். சோடாவா, ஈதரா, பீங்கானா? ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற ஒரு சமயம் பச்சை மங்கிற்று, மறு சமயம் தூக்கலாக வந்தது. எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை. மாசியில் இருட்டாகக் கிடந்த கிணறுகளையெல்லாம் நினைத்துக்கொண்டாள். அவை மட்டும் உண்மையா, இல்லை அவையும் தப்பா? ஊரில் உள்ள தண்ணீரெல்லாம் அவள் மண்டைக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டது போலிருந்தது.

பஞ்சநாதனிடம் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை.

"உங்க கை அசுத்தமா இருந்திருக்கும், மிஸ் மேரி."

"இருக்கலாம் சார். அப்படின்னா கிணத்துத் தண்ணிய பண்ணினதும் இதே கைதானே?"

அவர் மேஜை மேலிருந்த பேனாவைத் திறந்து மூடினார். "தந்தி போயாச்சு. அவங்க வரப்போறாங்க" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அன்று வேலை முடிகிற நேரத்தில் கொளஞ்சி குடிக்கத் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நின்றாள். வீட்டில் காலையிலிருந்தே தண்ணீர் இல்லையாம். பாத்திமா மேரி செம்பை நீட்டியபோது, சாய்ந்த வெயில் கொளஞ்சியின் பின்னாலிருந்து விழுந்தது. அவள் புருவம், இமை, தலைமுடி எல்லாம் சாம்பல் பூத்திருந்தன. செம்பை அண்ணாந்தபோது சேலைத் தலைப்பிலிருந்து தூசி எழும்பி, வெயிலுக்குள் மெல்ல மிதந்து, கிடங்குக்குள் வந்தது. பாத்திமா மேரி அது போகிற வழியையே பார்த்தாள். அது அடுப்புப் பக்கம் போயிற்று. அங்கே வாய் திறந்த பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன.

"என்னங்க டீச்சரம்மா, அப்படிப் பாக்குறீங்க?"

"கொளஞ்சி, நீ இங்க இடிக்க ஆரம்பிச்சது எப்ப?"

"சித்திரை பொறந்துதான். ஏன், அதுலயும் எதுனா குத்தமா?"

மறுநாள் வாலை வடித்த தண்ணீரையே இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். ஒன்றைத் திறந்து விட்டாள். இன்னொன்றின் மேல் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, ஆவி போக மட்டும் வழி விட்டாள். மூடியது இருட்டு. திறந்தது பச்சை. கல்லில் யுரேனியம் இருந்தது உண்மை. அந்த மாவு காற்றில் பறந்து வந்து கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. கொளஞ்சியின் கிணற்றைப் பூட்டியது கொளஞ்சி இடித்த தூசிதான்.

சிக்கல் அவிழ்ந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. தூசி விழுந்தது சரி. ஆனால் கிணற்றில் ஒன்றுமேயில்லை என்று ஆகிவிடுமா? அது இன்னும் தெரியாது. அந்தத் தூசியைக் கொளஞ்சி இத்தனை நாளும் மூச்சில் இழுத்திருக்கிறாளே, அதுவும் தெரியாது. முதல் காரியமாக, கல்லை உலர இடிப்பதை நிறுத்திவிட்டு, நனைத்து இடிக்க வேண்டும், அதுவும் வெளியே பொட்டலில்தான் என்று பஞ்சநாதனிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள்.

பூட்டுக்கு முன் கொளஞ்சி கொண்டுவந்த தண்ணீரில் ஒரு மூடிய ஜாடி மிச்சம் இருந்தது. சனிக்கிழமை அதையும், வாலை வடித்த தண்ணீரையும், புதுக் கிண்ணங்களையும், திறக்காத மருந்துச் சீசாக்களையும் வைக்கோல் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு, ஜயங்கொண்டம் பஸ் பிடித்துத் தன் ஊரான வரதராஜன்பேட்டைக்குப் போனாள். அங்கே கல் தூசி கிடையாது.

சூசையம்மாள் மகளின் கூடையைப் பார்த்துவிட்டு, "வூட்டுலயுமா மஞ்சள் காய்ச்சப் போற?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு நாள்மா. அடுப்பங்கரைய நீ பெருக்கக் கூடாது, தூசி எழும்பும்."

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவாம அடுப்ப கட்டிக்கிட்டு அழுவப் போறியா?"

"காலைப் பூசைக்குப் போயிட்டு வந்துதான்மா ஆரம்பிப்பேன்."

மூன்று தண்ணீர் வைத்தாள். ஒன்று வாலை வடித்தது. இன்னொன்று ஓடைக்கரைக் கிணறு. மூன்றாவதாக எதை வைப்பது என்று யோசித்து, கொல்லைப்புறம் போய்த் தன் வீட்டுக் கிணற்றிலேயே ஒரு வாளி இறைத்தாள். திங்கட்கிழமை விடியலில் ஈதர் வேலையை முடித்து, மணிகளை உருக்கி, தனித்தனிக் குப்பியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டே குன்னம் வந்து சேர்ந்தாள்.

கூண்டுக்குள் பஞ்சநாதனும் அவளும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாலை வடித்தது இருட்டு. ஓடைக்கரை மணியில், இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி வெகு நேரம் பார்த்தால், ஒரு நலிந்த பச்சை இருந்தது. மின்மினி சாகும்போது இருப்பது போல. மூன்றாவது மணியிலும் அதே பச்சை. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"இது எந்தக் கிணறு?" என்றார் பஞ்சநாதன்.

"எங்க வீட்டுக் கிணறு சார்."

இருவரும் வெளிச்சத்துக்கு வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப எல்லாத் தண்ணியிலயும் துளி இருக்கும்னு வச்சுக்கலாமா?" என்றார் அவர். "இல்ல, வரதராஜன்பேட்டையிலயும் புதையல் இருக்குன்னு எடுத்துக்கறதா?"

"மாசியில பாத்ததெல்லாம் இருட்டுன்னு நான்தான் சொன்னேன். கண்ணைப் பழக்காம, வெளியேர்ந்து வந்த வேகத்துல பாத்திருப்பேன். எனக்கே இப்ப ஒண்ணும் நிச்சயமா இல்ல சார். ஆனா ஓடைக்கரைய பூட்டணும்னா எங்க வீட்டுக் கிணத்தையும் பூட்டணும். அது மட்டும் நிச்சயம்."

பஞ்சநாதன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் பேரில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவசரப்பட்டது இரண்டு பேரும்தான். மறுநாள் அவரே அரியலூர் போய், முதலில் சொன்னது தப்பு என்று இரண்டாவது தந்தி அடித்தார். வைகாசி பாதியில் பதில் வந்தது: தண்ணீர் வேலையை நிறுத்திவிட்டுக் கல்லை மட்டும் அனுப்பவும். அவ்வளவுதான். நிபுணர்கள் வருவதைப் பற்றியும் இல்லை, கிணற்றைப் பற்றியும் இல்லை.

பாத்திமா மேரி அழகேசனைத் தேடிப் போனாள்.

"பூட்டச் சொல்லி வாய் வார்த்தையா சொன்னாங்க, பூட்டுனேன். தொறக்கச் சொல்லி எனக்கு ஒண்ணும் வரலீங்களே."

"இனிமே யாரும் வரப்போறதில்ல. அந்தத் தண்ணி யாருக்கும் வேண்டாம்."

"வேண்டாம்னு சொன்னவங்க தொறன்னு சொல்லலியே. நானா தொறந்து நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? எங்கிட்ட கேட்டா நான் பூட்டவேயில்லன்னுகூட சொல்லிடுவேன், காகிதமே கெடையாது."

"பூட்டவேயில்லைன்னா, பூட்டு ஒடஞ்சாலும் உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

அழகேசன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு இன்னிக்கு பெரம்பலூர்ல வேலை இருக்குது. திரும்பி வர ரெண்டு நாளாவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் ஓடைக்கரைக்குப் போனாள். போகிற வழியெல்லாம், இது சரிதானா என்று மனசு கேட்டுக்கொண்டே வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னும் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது என்பது மறுபக்கம். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லிவிடலாம் என்று போனாள்.

சேரி ஜனங்கள் கூடிவிட்டார்கள். கொளஞ்சி முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் மாயவன்.

"உங்க கிணத்துல நாங்க பாத்த பொருள், நெஜமா இருக்கறது ரொம்பக் கொஞ்சம்" என்றாள் பாத்திமா மேரி. "முதல்ல நெறைய இருக்குன்னு சொன்னேன். அது தப்பு. நீ இடிச்ச கல்லுத் தூசி பறந்து வந்து கிண்ணத்துல விழுந்திருக்கு. நான் கவனிக்கல."

"நான் இடிச்ச தூசியா?" என்றாள் கொளஞ்சி. அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. "எங்கெணத்த நானே இடிச்சு மூடுனேங்குறீங்களா?"

"மூடினது நாங்க. உம்மேல எந்தக் குத்தமும் இல்ல."

மாயவன் கேட்டான்: "கொஞ்சம் இருக்குதுன்னு சொன்னீங்களே, அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"தெரியலப்பா. அதே அளவு எங்க வீட்டுக் கிணத்துலயும் இருக்கு."

"நீங்க அதக் குடிக்கிறீங்களா?" என்றாள் கொளஞ்சி.

"பொறந்ததுலேர்ந்து. போன ஞாயித்துக்கெழமையும் குடிச்சேன். எங்கம்மாவும் அதத்தான் குடிக்கிறாங்க."

மாயவன் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். பூட்டு ஒரு நெம்புக்குத் தாங்கவில்லை. சட்டங்களைப் பெண்கள் இழுத்துத் தள்ளினார்கள். மூடிக் கிடந்த கிணற்றிலிருந்து புழுங்கின வாடை வந்தது. செத்த எலி ஒன்று மிதந்தது. அந்தத் தண்ணீர் ஆகாது, முழுக்க இறைத்துக் கொட்ட வேண்டும் என்றார்கள். மாயவனும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். பாத்திமா மேரியும் சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றில் கை வைத்தாள். வேண்டாம் என்று ஒரு கிழவர் தடுக்கப் போனார். கொளஞ்சி, "இழுக்கட்டும் விடுங்க" என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்து இறங்கிற்று. உள்ளங்கை தோல் உரிந்தது. கடைசி வாளிகளில் வெறும் சேறு வந்தது. அப்புறம் கீழேயிருந்து மாயவனின் குரல், "ஊறுது, ஊறுது!" என்று எதிரொலித்தது. எல்லாரும் விளிம்புக்கு ஓடினார்கள்.

கொளஞ்சி எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இப்ப ஊறுதே, இதுலயும் அது இருக்குமா?"

"இருக்கும், துளி."

"எங்கேர்ந்து வருது?"

"கல்லுலேர்ந்து. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துதாம். அப்ப சேந்தது."

"கடலா? இங்கயா?" கொளஞ்சி சுற்றிலும் வறண்டு கிடந்த கரம்பு நிலத்தைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு சிரிப்பு அவளுக்கு வந்தது. "அப்ப இந்த ஒரு மாசமா ஓடையில தோண்டிக் குடிச்சோமே, அந்தத் தண்ணியில?"

"அத நான் பாக்கல கொளஞ்சி. வேணும்னா..."

"பாக்காதீங்க" என்றாள் கொளஞ்சி.

பாத்திமா மேரி கிணற்று விளிம்பை விட்டு விலகி உட்கார்ந்தாள். ஒரு பெண் வாழைப்பட்டையில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் தடவிவிட்டாள். தண்ணீர் தெளிய மறுநாள் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். வரப்பில் கொஞ்ச தூரம் போன பிறகுதான், கொளஞ்சி நாளை முதல் இடிக்க வருவாளா என்று கேட்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நின்றாள். கூலியை நினைத்து வரச் சொல்வதா, தூசியை நினைத்து வராதே என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோட்டைப் பார்த்து நடந்தாள்.